பிளாக்பர்ன் 1994–95 ரெட்ரோ ஜெர்சி: முதுகில் ஷியரர், எண் 9

இங்கிலாந்துக் கால்பந்து வீரர் ஆலன் ஷியரர் பெயர் போட்ட ஜெர்சி என்றால் எல்லோரும் நியூகாசிலின் கறுப்பு வெள்ளைப் பட்டைகளைத்தான் தேடுவார்கள். சொந்த ஊர் கிளப், மொத்தம் 206 கோல், மைதானத்தில் சிலை. நியாயம்தான். ஆனால் அவருடைய உச்சக்கட்ட ஆட்டம் வேண்டுமென்றால், பாதி நீலம் பாதி வெள்ளையான பிளாக்பர்ன் ரோவர்ஸ் ஜெர்சியைத்தான் எடுக்கவேண்டும். நியூகாசிலில் 303 பிரீமியர் லீக் ஆட்டங்களில் 148 கோல் அடித்தார். பிளாக்பர்னில் 138 ஆட்டங்களிலேயே 112!

நான் வாங்கியது அந்தக் காலத்தில் ஆசிக்ஸ் நிறுவனம் தயாரித்த அசல் ஜெர்சி அல்ல, மறுபதிப்பு. 38 பவுண்டு. துணி கனமாக, லேசான பளபளப்போடு இருக்கிறது. சிவப்பு ரோஜாச் சின்னத்தை ஒட்டாமல் தைத்திருக்கிறார்கள். நெஞ்சில் மெக்யூவன்ஸ் லாகர் பீர் விளம்பரமும் உண்டு. அது இல்லாமல் வரும் மலிவுப் பிரதிகளைப் பார்த்தாலே எனக்குப் பிடிக்காது.

இந்த ஒரு சீசனுக்காகத்தான் வாங்கினேன். 42 லீக் ஆட்டங்களிலும் ஆடி 34 கோல். ஒரு பக்கம் ரிப்ளி, மறுபக்கம் வில்காக்ஸ், இருவரும் ஓரத்திலிருந்து கோல் முன்னால் பந்தைத் தூக்கிப் போட்டுக்கொண்டே (கிராஸ்) இருப்பார்கள். கூட்டாளி கிறிஸ் சட்டன் 15 அடித்தார். ஷியரரிடம் வித்தை காட்டும் பேச்சே கிடையாது. ஓங்கி ஒரு அடி, அப்புறம் வலது கையை உயர்த்தியபடி ஓட்டம். 1992 டிசம்பரில் முழங்கால் தசைநார் கிழிந்து, மீதி சீசன் முழுக்க உட்கார்ந்திருந்த ஆள் இவர் என்றால் நம்பமுடியுமா?

கடைசி நாள், 1995 மே 14. லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்தில் ஷியரர் முதல் கோலைப் போட்டும் லிவர்பூல் 2–1 என்று ஜெயித்துவிட்டது. ஆனால் பட்டத்துக்குப் போட்டியில் இருந்த மான்செஸ்டர் யுனைடெட், வெஸ்ட் ஹாம் மைதானத்தில் டிரா செய்ததால், ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் லீக் கோப்பை பிளாக்பர்னுக்கு வந்தது. 81 வருடக் காத்திருப்பு அது. எப்படிக் கொண்டாடப்போகிறீர்கள் என்று கேட்டதற்கு, வீட்டு வேலிக்குப் பூச்சு அடிக்கப்போவதாகச் சொன்னாராம் மனிதர். நியூகாசிலுக்குப் போன பிறகு பெரிய கோப்பை ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை.

சரி, ஜெர்சியின் குறை. முதுகில் நீலமும் வெள்ளையும் சேரும் தையலின் மேலேயே 9 உட்கார்ந்திருக்கிறது. சில சலவைக்குள் அந்த இடத்தில் பிரிண்ட் தூக்கிக்கொண்டது. விற்றவர்களிடம் புகார் சொன்னால், சலவை சேதத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று பதில். பெயர் எழுத்துகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, குளிர்ந்த நீரில் கையால் அலசுங்கள். இஸ்திரியை முதுகுப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.

அளவு தொண்ணூறுகளின் தொளதொளப்புத்தான். வழக்கமாக லார்ஜ் போடுபவர்களுக்கு மீடியமே தாராளம். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருகிறேன். குறைத்த ஒரு நட்சத்திரம் அந்த 9-க்காக.