டேங்க் பாதிக்குக் கீழே இறங்கினால் ஸ்டார்ட் ஆகாத டிராக்டர்

டேங்கிலிருந்து பம்ப் வரை போகும் டீசல் பைப்பை ஒருவழியாகப் புதிதாக மாற்றிவிட்டோம். சாவியைத் திருப்பியதும் வண்டி பிடித்துக்கொள்கிறது. இந்த நிலைக்கு வர ஓராண்டுக்கும் மேல் ஆனது. இடையில் ஒரு புதிய பேட்டரி வாங்கினோம், எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரைப் பிரித்துப் பூட்டினோம், டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றிச் சோதனைக்கு அனுப்பினோம். கடைசியில் கோளாறு இருந்தது முந்நூறு ரூபாய்கூடப் பெறாத ரப்பர் பைப்பில். என் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் இந்த வண்டியைப் பற்றி நியாயமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

வண்டியின் விவரங்களை அடுக்கப் போவதில்லை. 18 குதிரைத்திறன், மூன்று சிலிண்டர், நான்கு சக்கரமும் இழுக்கும் சின்ன ரகம். நெல்லிக்குப்பம், பண்ருட்டி வட்டாரத்தில் கரும்புக்கும் முந்திரிக்கும் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர், பார்த்திருப்பீர்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நிறைய இருக்கிறது. கரும்பை ஐந்தடிப் பாரில் நட ஆரம்பித்த பிறகு களை ஓட்டவும் மண் அணைக்கவும் எங்களுக்குக் கைகொடுத்தது இந்த வண்டிதான். பெரிய டிராக்டர் நுழைந்தால் இரண்டு பக்கமும் தூர் மிதிபடும். இது சோகையைக்கூட அதிகம் உரசாமல் போய்த் திரும்பும். வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும் மறுதாம்புக் கரும்பில் கட்டைக்கு இரு பக்கமும் மண்ணைக் கிளறிவிட இதைவிடத் தோதான வண்டியை நான் பார்த்ததில்லை. முந்திரித் தோப்பில் இன்னும் சிறப்பு. செம்மண் நிலத்தில் கிளைகள் தாழ்ந்து பரந்திருக்கும். அதற்கடியில் குனிந்தபடி, மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரை ஓட்டிவிட முடிகிறது. கொட்டை விழத் தொடங்குவதற்கு முன் தரையைச் சுத்தம் செய்து வைத்தால் பொறுக்குகிற பெண்களுக்கு வேலை பாதியாகக் குறையும். ஹைட்ராலிக் ஒருநாளும் மக்கர் செய்ததில்லை. கிளட்ச் இன்னும் முதல் தட்டுதான். டீசலும் சிக்கனம்.

இவ்வளவு நல்ல வண்டி, காலையில் கிளம்ப மாட்டேன் என்று நின்றால் எப்படி இருக்கும்?

தொந்தரவு தொடங்கியது ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே அது கரையைக் கடந்ததும், அடுத்த நாள்களில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்ததும் இந்தப் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. வயலில் இறங்க முடியாமல் வண்டி கொட்டகையிலேயே நின்றது, டேங்கில் பாதி டீசலோடு. காலியாக இருக்கும் இடத்தில் ஈரக்காற்று குளிர்ந்து நீராகும். டீசலைவிடத் தண்ணீர் கனம் என்பதால் அடியில் போய்த் தங்கும். ஆகவே வண்டி ஸ்டார்ட் ஆகாதபோது சர்வீஸ் சென்டரில் தண்ணீர் என்று சொன்னதில் தவறில்லை. ஃபில்டர் கிண்ணத்தைக் கழற்றியபோது அடியில் கொஞ்சம் தண்ணீர் உண்மையிலேயே இருந்தது. வடித்தார்கள், ஃபில்டரை மாற்றினார்கள், காற்று எடுத்தார்கள், அதாவது டீசல் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றினார்கள், வண்டி ஓடியது. அதுவரைக்கும் அவர்கள்மீது எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை.

கோபம் அதற்குப் பிறகு நடந்தவற்றின் மீது. சில வாரங்கள் கழித்து அதே கதை. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. சில காலைகளில் பிடிக்கும், நான்கைந்து நொடி ஓடும், இருமி அணையும். காற்று எடுத்தால் அன்று முழுவதும் ஒரு குறையும் இல்லை. மறுநாளோ அதற்கு மறுநாளோ மறுபடியும் அதேதான். இதைச் சொன்னதும் அவர்கள் பேட்டரியை மாற்றச் சொன்னார்கள். பிறகு செல்ஃப் மோட்டாரில் கார்பன் தேய்ந்துவிட்டது என்றார்கள். பிறகு நாசில். ஒவ்வொரு முறையும் டேங்கை நிரப்பி, காற்று எடுத்து, ஸ்டார்ட் செய்து காட்டித்தான் அனுப்பினார்கள். டேங்கை நிரப்பினார்கள் என்பதைக் கவனியுங்கள். அந்த ஒரு செயல்தான் கோளாறை மறைத்துக்கொண்டே இருந்தது.

செல்ஃப் சுறுசுறுப்பாகச் சுற்றும்போது பேட்டரியை ஏன் சந்தேகப்பட வேண்டும்? பேட்டரி படுத்துவிட்டால் 'டக்' என்ற சத்தத்தோடு நின்றுவிடும், அல்லது முக்கி முக்கிச் சுற்றும். நல்ல சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி, செல்ஃப் சுற்றும்போது பத்துக்கு வெகுவாகக் கீழே இறங்கினால்தான் அதைக் குறை சொல்லலாம். கடலோரக் காற்றில் டெர்மினலில் பச்சை பூக்கும், எர்த் ஒயர் சேஸியோடு சேரும் இடத்தில் துரு ஏறும். அதைத் தேய்த்து வாசலின் தடவினாலே பாதிப் பேட்டரிகள் பிழைத்துக்கொள்ளும். சாவியைத் திருப்பியும் எதுவுமே நடக்கவில்லை என்றால் கிளட்சை முழுவதும் மிதித்தோமா, ரோட்டவேட்டர் போன்ற கருவிகளுக்கு எஞ்சின் சக்தியைத் தரும் பி.டி.ஓ.வின் நெம்புகோல் நியூட்ரலில் இருக்கிறதா, பியூஸ் போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். என் வண்டியில் இவற்றில் ஒன்றுகூடக் குறை இல்லை.

செல்ஃப் நன்றாகச் சுற்றினால் பார்க்க வேண்டிய இடம் சைலன்சர். வெள்ளைப் புகை வந்தால் டீசல் சிலிண்டர் வரை போகிறது, எரியவில்லை. அப்போது சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கையோ, காற்றை அமுக்கும் கம்ப்ரெஷனையோ பார்க்கலாம். புகையே வராவிட்டால் டீசல் போகவில்லை. எஞ்சினை அணைக்க இழுக்கும் ஸ்டாப் கேபிள் வெளியே இழுபட்டு நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் டீசல் வரும் வழியில்தான் அடைப்போ காற்றோ இருக்கிறது. என் வண்டியில் ஒருநாளும் புகை வந்ததில்லை. இதை நான் சர்வீஸ் சென்டரில் வாய் வலிக்கச் சொன்னேன். கேட்பார் இல்லை.

காற்று புகுந்தால் டீசல் எஞ்சின் ஏன் படுத்துவிடுகிறது என்பது எளிமையான விஷயம். நாசில் திறக்க வளிமண்டலத்தைப் போல நூறு மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தம் வேண்டும். டீசல் அமுங்காது; பம்ப் தள்ளியதும் அந்த அழுத்தம் நாசிலுக்குப் போய்ச் சேரும். காற்று அமுங்கிவிடும். பம்ப் தள்ளத் தள்ளக் குழாய்க்குள்ளேயே சுருங்கி விரிந்துகொண்டிருக்கும், நாசில் திறக்காது.

சரி, காற்று எங்கிருந்து வருகிறது? டீசல் சொட்டும் இடத்தைத்தான் எல்லோரும் தேடினார்கள். எங்கும் சொட்டவில்லை. சொட்டாது. டேங்குக்கும், அதிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்புக்கும் நடுவில் இருப்பது உறிஞ்சுகிற பக்கம். இளநீர் குடிக்கும் குழலில் பொத்தல் விழுந்தால் இளநீர் வெளியே ஒழுகாது, வாய்க்குக் காற்றுதான் வரும்.

இதைப் பிடித்தவர் எங்கள் ஊரில் ஆயில் எஞ்சின் பம்ப்செட் பழுது பார்த்து வளர்ந்த பெரியவர் ஒருவர். டிராக்டர் கம்பெனியில் பயிற்சி பெற்றவர் அல்லர். வண்டியைத் தொடுவதற்கு முன்பே, "நின்றுபோன காலைகளில் டேங்கில் எவ்வளவு டீசல் இருந்தது தம்பி?" என்று கேட்டார். இத்தனை மாதங்களில் யாரும் கேட்காத கேள்வி. "பாதிக்குக் கீழேதான் அண்ணே" என்றேன். "நிரம்ப இருந்தபோது?" "ஒருநாளும் நின்றதில்லை."

அந்த இடத்தில் பாதி வழக்கு முடிந்துவிட்டது. இந்த வண்டியில் டேங்க் சீட்டுக்குப் பக்கத்தில் தாழ்வாக இருக்கிறது. நிரம்பியிருக்கும்போது டீசலின் மட்டம் ஃபில்டரைவிட மேலே நிற்கும். இரவெல்லாம் டீசல் தானாகவே குழாயை நிறைத்து வைத்திருக்கும். மட்டம் கீழே இறங்கினால், பைப்பில் மயிரிழை விரிசல் இருந்தாலும் போதும். இரவில் காற்று உள்ளே நுழைய, குழாயில் நின்ற டீசல் மெல்லத் திரும்பி டேங்குக்கே வடிந்துவிடும். ஓடும்போது ஃபீட் பம்ப் வேகமாக இழுப்பதால் சிறு குமிழிகள் ரிட்டர்ன் பைப் வழியே டேங்குக்குப் போய்விடும். அதனால்தான் பகலில் குறை தெரியவில்லை.

எங்கள் வீட்டில் இதற்குள் ஒரு நம்பிக்கையே வளர்ந்துவிட்டிருந்தது: பாண்டி டீசல் போட்டால் வண்டி ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும், கடலூர் டீசல் ஒத்துக்கொள்ளவில்லை என்று. மைத்துனர் நிலம் புதுச்சேரியைச் சேர்ந்த பாகூரில் இருக்கிறது. அங்கே உழவுக்குப் போகும்போதெல்லாம், வரி குறைவால் புதுச்சேரியில் விலை மலிவு என்பதால், டேங்கை வாய்வரை நிரப்பிக்கொண்டு வருவோம். வந்த பிறகு சில நாள்கள் வண்டி அருமையாகப் பிடிக்கும். இரண்டு பக்கமும் விற்பது அதே எண்ணெய் நிறுவனங்களின் டீசல்தான். வித்தியாசம் நிரப்பிய அளவில் இருந்தது.

பெரியவர் உறுதிசெய்த விதமும் சொல்லத்தக்கது. பழைய பைப்பில் பம்புக்கு அருகே சிறிது வெட்டி, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் ஒரு சாண் நீளம் இணைத்தார். எஞ்சினை ஓடவிட்டார். குமிழிகள் வரிசையாகப் போவது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. பிறகு அந்தக் குழாய்க்குச் சற்று முன்னால், பைப் மேலே ஏறி வரும் இடத்தைத் துடைத்துக் காட்டினார்: கம்பிக் கிளாம்புக்குக் கீழே லேசான ஈரம், அதில் புழுதி ஒட்டிக் கறுத்த ஒரு திட்டு. டேங்க் நிரம்பியிருந்தபோது கசிந்தது அவ்வளவுதான். பைப்பை வளைத்ததும் சைலன்சர் சூட்டில் இறுகிப்போன ரப்பரில் விரிசல்கள் வாய் திறந்தன. புதிய டீசல் பைப் போட்டு, கம்பிக் கிளாம்புகளை எறிந்துவிட்டுத் திருகு கிளாம்பு மாட்டினார். செம்பு வாஷர்களையும் மாற்றினார்.

இப்போது இந்த வண்டியை வடிவமைத்தவர்கள்மீது எனக்குள்ள தீராத மனக்குறை. காற்று எடுக்கும் திருகு ஃபில்டரின் தலையில், சேஸியைப் பார்த்தபடி இருக்கிறது. பத்தாம் நம்பர் ஸ்பேனர் கால் சுற்றுகூடத் திரும்பாது. இடது கையை உள்ளே விட்டால் மணிக்கட்டில் சிராய்ப்பு, வலது கையில் ஃபீட் பம்பின் நெம்புகோல், எதிரில் இருட்டு. அடைப்பும் காற்றும் டீசல் எஞ்சினுக்கு வரத்தான் செய்யும். வந்தால் விவசாயி வயலில் தனியாக நின்று சரிசெய்ய வேண்டும். அவனுடைய கை நுழையும் இடத்தில் அந்தத் திருகை வைக்க என்ன செலவாகியிருக்கும்? விளம்பரப் பலகையில் வண்டியின் நிறத்துக்குக் காட்டிய அக்கறையில் கொஞ்சம் இதற்குக் காட்டியிருக்கலாம். ஆங்கிலக் கையேட்டில் இந்தத் திருகுக்கு ஒரே ஒரு படம். அந்தப் படத்திலும் ஃபில்டரைத் தனியே கழற்றி வைத்துத்தான் காட்டியிருக்கிறார்கள்.

காற்று எடுப்பவர்களுக்கு: ஃபில்டர் திருகைத் தளர்த்தி, குமிழி நின்று சுத்தமான டீசல் வரும்வரை நெம்புகோலை அடித்து, அடித்துக்கொண்டே இறுக்குங்கள். அடுத்து பம்பின் திருகு. அப்போதும் பிடிக்காவிட்டால் மட்டும் நாசில் முனை நட்டுகளைத் தளர்த்தி செல்ஃப் அடியுங்கள். அந்த முனைகளின் எதிரே கையை நீட்டாதீர்கள். அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம் அது. செல்ஃபைப் பத்துப் பதினைந்து நொடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காமல் ஆறவிடுங்கள். பெட்ரோல் நனைத்த துணியை ஏர் கிளீனரில் காட்டும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் அது வெடிக்கும்.

பைப் மாற்றிய செய்தி கேட்டதும் பாகூரிலிருந்து மைத்துனர் போன் செய்தார். "மாமா, அப்படியென்றால் நானும் இதையே எடுத்துவிடட்டுமா? விலை வேறு குறைத்திருக்கிறார்கள்." கரும்பில் அது செய்த வேலை அத்தனையும் கண்முன் வந்தது. இருந்தும், "வேண்டாம் மாப்பிள்ளை" என்றேன். "உனக்கு அவசரம் என்றால் என் வண்டியை ஓட்டிக்கொண்டு போ. புதிதாக வாங்குவதானால், எதை வாங்கினாலும் முதலில் பானெட்டைத் தூக்கி ஃபில்டர் திருகில் ஸ்பேனர் நுழைகிறதா என்று பார். நுழையாவிட்டால் விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பி வந்துவிடு."

என் வண்டியை விற்கும் எண்ணம் இல்லை. அடுத்த ஐப்பசி மழைக்கு முன் பைப்பை மறுபடியும் வளைத்துப் பார்ப்பேன். கருவிப்பெட்டியில் ஒரு மீட்டர் டீசல் பைப்பும் நான்கு திருகு கிளாம்புகளும் இப்போதே வாங்கிப் போட்டாகிவிட்டது.