லயன் அறையில் 5.1: சத்தத்தை எங்கே கூட்டுவது, ரிசீவரிலா கோடியிலா?

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயனில், தகரத்தில் மழை கொட்டுகிற இரவில் படம் போட்டால் பேச்சு கேட்பதில்லை. ரிமோட்டை ஏழெட்டுத் தடவை அமத்தி ஒருவாறு கேட்க வைத்ததும் திரையில் ஒரு லொறி வெடிக்கிறது. பக்கத்துக் காம்பராவில் பிள்ளை எழும்பி அழுகிறது. காலையில் தோட்ட வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிறவர்கள் அந்தச் சுவருக்கு அப்பால்தான் படுத்திருக்கிறார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்குச் சத்தம் போதாமல் போவதில்லை. கிசுகிசுப்புக்கும் வெடிக்கும் நடுவிலுள்ள இடைவெளிதான் அந்த அறைக்குப் பெரிது. சாதாரண வொலியூம் பட்டன் இரண்டையும் சேர்த்தே தூக்கும், சேர்த்தே இறக்கும். கோடி (படம் ஓட்டும் செயலி), ஜெல்லிஃபின் (வீட்டுச் சேமிப்பிலிருந்து படத்தை அனுப்பும் சர்வர்) போன்ற திறமூல மென்பொருள்களில் 5.1 ஒலிக்கு (ஐந்து பெட்டி, ஒரு வூஃபர்) உள்ள வழிகளை ஒரே கேள்வியோடு நிறுத்துப் பார்க்கலாம்: இந்த இடைவெளியை எது சுருக்குகிறது?

ரிசீவரிடமே விட்டுவிடுவது

பாஸ்த்ரூவை ஆன் செய்தால் கோடி ஏசி3, டிடிஎஸ் என்ற வடிவங்களில் சுருக்கிய ஒலியைப் பிரிக்காமல் அப்படியே ரிசீவருக்கு, அதாவது ஒலியைப் பிரித்துப் பெட்டிகளுக்குக் கொடுக்கும் கருவிக்கு, அனுப்பும், பார்சலைத் திறக்காத தபால்காரரைப் போல. கோடியின் வொலியூம் அப்போது வேலை செய்யாது. பலர் இதைக் கோளாறு என்று நினைக்கிறார்கள். கம்பியில் போவது சுருக்கிய பிட்கள், அவற்றை 0.5 ஆல் பெருக்கினால் சத்தம் பாதியாகாது, கரகரப்புதான் மிஞ்சும்.

ஆகவே வொலியூம் ரிசீவரின் கையில். ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரை நேரே ரிசீவரில் செருகியிருந்தால், எச்டிஎம்ஐ கேபிளிலேயே கட்டளை கடத்தும் சிஇசி வழியாகக் கோடியின் வொலியூம் கட்டளை ரிசீவருக்குப் போய்ச் சேரும். பை 4 என்றால் பவர் கேபிளுக்குப் பக்கத்திலுள்ள எச்டிஎம்ஐ துளையில் செருகுங்கள். சாதாரண கம்ப்யூட்டர்களின் கிராபிக்ஸ் கார்டுகளில் பெரும்பாலும் சிஇசி கிடையாது. அதற்குத் தனி அடாப்டர் வேண்டும்.

இடைவெளியைச் சுருக்குவது ரிசீவரின் நைட் மோட். நல்ல ரிசீவரில் அது நன்றாகவே வேலை செய்யும், மலிவானதில் அந்த மெனுவே இருக்காது. அப்படிப்பட்ட பெட்டிக்குப் பாஸ்த்ரூவால் லாபம் இல்லை.

ஆப்டிக்கல் கேபிள் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு குழப்பம். அந்தக் கேபிளில் 5.1 பிசிஎம் (சுருக்காத ஒலி) போகாது, ஸ்டீரியோ பிசிஎம்மும் சுருக்கிய ஒலியும்தான் போகும். அதனால் சேனல் எண்ணிக்கையை 2.0 என்று வைத்து, ஏசி3 டிரான்ஸ்கோடிங்கை ஆன் செய்கிறோம். ஏஏசி என்ற வேறு வடிவத்தில் ஒலியுள்ள படத்தைக் கோடி பிரித்து, வொலியூமைப் போட்டு, மறுபடி ஏசி3 ஆக்கி அனுப்பும். ஏற்கெனவே ஏசி3 ஆக உள்ள படம் திறக்கப்படாமலே போகும். விளைவு: ஒரு படத்தில் வொலியூம் வேலை செய்யும், அடுத்த படத்தில் செய்யாது. ரிமோட்டைத் தட்டிப் பார்த்துப் பயனில்லை.

ரிசீவர் பிரிப்பது, கோடி பிரிப்பது என்ற இரண்டு வழியையும் காதால் ஒப்பிடுபவர்கள் ஏமாறும் இடம் டயல்நார்ம். ஏசி3க்குள் பேச்சின் அளவைச் சொல்லும் எண் ஒன்று உண்டு. அது -27 என்றிருந்தால் ரிசீவர் 4 டெசிபெல் குறைத்துத் தரும். கோடி பயன்படுத்தும் எஃப்எஃப்எம்பெக் டிகோடர் (ஒலியைப் பிரிக்கும் நிரல்) இயல்பாக அதைக் கணக்கில் எடுப்பதில்லை. கோடி டிகோட் செய்தது சற்றுப் பலமாகக் கேட்கும், பலமாகக் கேட்பது காதுக்குத் தரமாகவும் தோன்றும். ஒப்பிடும் முன் அந்த 4 டெசிபெல்லைச் சமன் செய்துகொள்ளுங்கள்.

கோடியே பிரித்துக் கொடுப்பது

எங்கள் வாக்கு இதற்குத்தான். பாஸ்த்ரூவை ஆஃப் செய்யுங்கள். அமைப்புகளில் சிஸ்டம், பிறகு ஆடியோ. கீழே இடது மூலையிலுள்ள பற்சக்கரத்தை அமத்தி எக்ஸ்பர்ட் நிலைக்கு மாற்றாவிட்டால் பாதி வரிகள் கண்ணுக்கே படாது.

படம் ஓடும்போது ஆடியோ மெனுவில் வொலியூம் ஆம்ப்ளிஃபிகேஷன் என்று ஒரு வரி இருக்கும். வெறும் வொலியூம் என்று நினைத்துக் கடந்து போகாதீர்கள். அது முழு ஒலியையும் தூக்கிவிட்டு, உச்சியில் முட்டுவதை லிமிட்டரால் அமுக்கிப் பிடிக்கிறது. கிசுகிசுப்பு எழும், வெடி இருந்த இடத்திலேயே நிற்கும். 6 டெசிபெல்லில் தொடங்கி, மழை பலத்தால் 9, 10 வரை போகலாம். 12ஐத் தாண்டினால் வெடிச் சத்தத்துக்குப் பிறகு பின்னணி இசை அமுங்கி மூச்சு வாங்குவது போல எழுவது கேட்கும். அப்போது இறக்குங்கள். ஏற்றியபின் வழக்கமான வொலியூமைக் குறைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மொத்தச் சத்தம் கூடிவிடும்; இதை மறந்துவிட்டு அமைப்பையே குறை சொல்பவர்கள் அதிகம்.

டிவி ஸ்பீக்கரிலோ இரண்டு பெட்டியிலோ கேட்பவர்களுக்கு டவுன்மிக்ஸ், அதாவது 5.1 ஒலியை இரண்டு சேனலாகக் கலக்கும் கணக்கு, முக்கியம். வழமையான முறையில் இடது பெட்டிக்கு முன் இடது முழுதாகவும், பேச்சு வரும் சென்டரும் பின் இடதும் 0.707 மடங்காகவும் சேர்கின்றன. மூன்றும் ஒரே நேரத்தில் உச்சத்தில் இருந்தால் கூட்டுத்தொகை 2.414. அது கிழியாமல் இருக்க எல்லாவற்றையும் ஏறத்தாழ 7.7 டெசிபெல் தணிக்க வேண்டும். 5.1 படங்கள் மட்டும் "சத்தமே இல்லை" என்று தோன்றுவது இதனால்தான். டவுன்மிக்ஸில் மூல வொலியூமைப் பேணும் வசதியை ஆன் செய்தால் இந்தத் தணிப்பு நீங்கும். அதோடு சென்டர் மிக்ஸ் லெவலை 3 முதல் 6 டெசிபெல் வரை உயர்த்துங்கள், பேச்சு முன்னுக்கு வரும். ஸ்பீக்கர் எண்ணிக்கை 2.0 என்று இருந்தால்தான் இந்த வரிக்கு வேலை. இரண்டே பெட்டி வைத்துக்கொண்டு 5.1 என்று தெரிவு செய்திருந்தால், இல்லாத சென்டருக்குப் பேச்சு போய்த் தொலைந்துவிடும்.

ஜெல்லிஃபின்

வீட்டில் போனிலும் டிவியிலும் ஒரே சேமிப்பிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஜெல்லிஃபின் வசதி. சர்வரின் டிரான்ஸ்கோடிங் பக்கத்தில் ஸ்டீரியோ டவுன்மிக்ஸ் முறையைத் தெரிவு செய்யலாம். நைட்மோட் டயலாக் என்ற முறை சென்டரை முழுதாக வைத்து, முன், பின் சேனல்களை 0.30 மடங்காக, அதாவது ஏறத்தாழ 10.5 டெசிபெல் குறைத்துச் சேர்க்கிறது. வூஃபருக்கான எல்எஃப்இ சேனலைச் சேர்க்காமலே கைவிடுகிறது. தியேட்டர் ரசிகர் முகம் சுளிப்பார். ஒற்றைச் சுவருக்கு மறுபக்கம் ஆள் தூங்கும் வீட்டுக்கு அதைவிட என்ன வேண்டும்? சுவரைத் தாண்டிப் போவதில் முதல் ஆள் அந்த அடிச்சத்தம்தான்.

பக்கத்திலேயே ஆடியோ பூஸ்ட் என்ற எண் இயல்பாக 2 என்றிருக்கும். நைட்மோடோடு அதுவும் சேர்ந்தால் உரத்த இடங்கள் கிழியும். 1க்கு இறக்குங்கள். எவ்வளவு மாற்றியும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் படம் டைரக்ட் பிளேயில் ஓடுகிறது, சர்வர் ஒலியைத் தொடவே இல்லை. செயலியில் அதிகபட்ச ஆடியோ சேனலை ஸ்டீரியோவாக்கினால் சரி. வீடியோ அப்படியே போய் ஒலி மட்டும் மாற்றப்படும்போது பழைய லேப்டாப் கூடத் திணறாது.

எம்பிவி என்ற இன்னொரு பிளேயரில் இதைவிட நுணுக்கமாகச் செய்யலாம், ஆனால் எல்லாம் அமைப்புக் கோப்பில் எழுதும் வேலை. ரிமோட்டோடு உட்காரும் அம்மாவுக்கு அது ஆகாது.

மூன்று வயர் 5.1 பெட்டிகள்

ஹட்டன், பண்டாரவளைக் கடைகளில் வாங்கும் மலிவு செட்டுகளில் பல, கம்ப்யூட்டரின் பச்சை, கறுப்பு, செம்மஞ்சள் துளைகளில் செருகுபவை. லினக்ஸில் இவற்றுக்கு ஒரு தனி லாபம் உண்டு: ஆல்சா என்ற ஒலி அமைப்பின் ஆல்சாமிக்ஸரில் ஃப்ரண்ட், சரவுண்ட், சென்டர், எல்எஃப்இ என்று சத்தத்தை ஏற்றி இறக்கும் தனித்தனித் தண்டுகள். சென்டரை அப்படியே விட்டு மற்றவற்றை இறக்கினால் வேலை முடிந்தது. எச்டிஎம்ஐயில் இந்த வசதி இல்லை. மூன்று துளை மட்டும் உள்ள மதர்போர்டில் முதலில் சேனல் மோடை 6க்கு மாற்றுங்கள்.

செம்மஞ்சள் வயரில் சென்டரும் வூஃபரும் ஒன்றாக வருகின்றன. சில செட்டுகளில் அவை இடம் மாறியிருக்கும், அப்போது பேச்சு வூஃபரிலிருந்து பானைக்குள் பேசுவது போல வரும். பெட்டியின் பின்னால் இரட்டை ஆர்சிஏ முனை இருந்தால் அவற்றை மாற்றிச் செருகுவது போதும்.

சரிசெய்தவுடன் ஆல்சா அமைப்பைக் கையால் சேமித்துவிடுங்கள். முறையாக அணைக்கும்போது அது தானாகச் சேமிக்கப்படும், ஆனால் மழைக்காலத்தில் கம்ப்யூட்டரை அணைப்பது பாதி நாள் நாமல்ல, கரண்ட் வெட்டு. சேமிக்காமல் விட்டால் வெளிச்சம் திரும்பும்போது எல்எஃப்இ தண்டு பழைய உயரத்திலேயே நிற்கும்.