காப்ரி தீவில் படகுக்கு முன்பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கம் இருக்கும் காப்ரி தீவுக்குப் போகத் திட்டமிடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். போன ஜூனில் அம்மாவின் 70ஆவது பிறந்தநாளுக்கு அவரை அங்கே அழைத்துப் போனோம். மூன்று இரவுகள். ஒரு பயணத்துக்கு இவ்வளவு பணம் நாங்கள் இதுவரை செலவழித்ததில்லை. அம்மா ஆசைப்பட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான், நீலக்குகை.

அந்தக் குகையின் வாசல் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். விசைப்படகு உள்ளே போகவே முடியாது. வாசலுக்கு வெளியே சின்னத் துடுப்புப் படகுக்கு மாறி அதில் படுத்துக்கொள்ள வேண்டும். அலை தாழும் நேரம் பார்த்து, படகோட்டி பாறையில் கட்டியிருக்கும் சங்கிலியைப் பிடித்து இழுத்துப் படகை உள்ளே நுழைப்பார். தண்ணீருக்கு அடியில் இருக்கும் திறப்பு வழியாக வெயில் புகுவதால்தான் உள்ளே அந்த நீல ஒளி. வாசல் இவ்வளவு சின்னது என்பதால், கடல் கொஞ்சம் புரண்டாலே அன்றைக்குக் குகை மூடல். நல்ல கோடையிலும் இப்படி நடக்கும். இது எனக்கு முன்னாலேயே தெரிந்திருந்தால் ஏமாந்திருக்க மாட்டேன்.

நான் பேசியது தீவில் படகு விடும் ஒரு நிறுவனத்திடம். "முழுநாள் தனிப்படகு, 8 மணி நேரம், நீலக்குகையும் சேர்த்து எல்லாம் அடக்கம், 900 யூரோ" என்று அனுப்பியிருந்தார்கள். அம்மாவுக்கு மூட்டு வலி உண்டு, குகைக்குள் போக முடியுமா என்று போனில் கேட்டேன். கவலையே வேண்டாம் என்றார்கள். மொத்தத்தையும் முன்பே கட்டினேன்.

காலை ஒன்பதரை மணிக்கு மரீனா கிராண்டே துறைமுகத்தில் போய் நின்றால், படகில் ஏற்கெனவே வேறு நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். தனிப்படகு என்றீர்களே என்று கேட்டதற்கு, இன்று கூட்டம் அதிகம் என்றார் படகுக்காரர். அப்புறம் எரிபொருளுக்குத் தனியாக 120 யூரோ கேட்டார். எல்லாம் அடக்கம் என்ற செய்தியைக் காட்டினேன். எரிபொருள் அதில் சேராது, வேண்டாம் என்றால் இறங்கிக்கொள்ளலாம், ஆனால் முன்பணம் திரும்பாது என்றார். அம்மா வெயிலில் நின்றுகொண்டிருந்தார். கொடுத்துவிட்டேன். அந்த இடத்தில் ஏறாமல் திரும்பியிருக்க வேண்டும்.

கரையோரம் கடலில் உயர்ந்து நிற்கும் மூன்று ஃபராலியோனிப் பாறைகளைப் பார்த்தோம். நடுப்பாறையில் இயற்கையாகவே குடைந்த வளைவு இருக்கிறது. அழகில் ஒரு குறையும் இல்லை. பிறகு நீலக்குகைக்கு முன்னால் போய் நின்றோம். அங்கே ஒரு துடுப்புப் படகுகூட இல்லை. "கடல் சரியில்லை, இன்று மூடல்" என்று சொல்லிப் படகைத் திருப்பிவிட்டார். அம்மா ஒன்றும் பேசவில்லை. ஒன்றரை மணிக்கெல்லாம் கரையில் இருந்தோம். 8 மணி நேரம் என்றது 4 மணி நேரத்தில் முடிந்தது.

கடல் சரியில்லாததற்கு யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் துறைமுகத்து டிக்கெட் கவுண்டரில் விசாரித்தபோது, குகை காலையிலேயே மூடல் என்றும், எல்லாப் படகுக்காரர்களுக்கும் அது தெரியும் என்றும் சொன்னார்கள். அப்படியானால், என்னிடம் 120 யூரோ வாங்கியபோதே அவருக்குத் தெரியும். என்னால் இன்னும் ஜீரணிக்க முடியாதது இதுதான்.

அன்று இரவு இன்னொரு அடி. கடலோர உணவகத்தில் ஒரு முழு மீனைத் தட்டில் வைத்துக் காட்டி, நன்றாக இருக்கும் என்றார்கள். மெனுவில் 9 யூரோ என்று போட்டிருந்தது. பக்கத்தில் 'எத்தோ' என்றும் இருந்தது. இத்தாலியில் எத்தோ என்றால் 100 கிராம். மீனின் எடை ஒரு கிலோ நானூறு கிராம், பில்லில் மீனுக்கு மட்டும் 126 யூரோ. சட்டப்படி அவர்கள் மேல் தவறில்லை என்றே வைத்துக்கொள்வோம். எடை போட்டு மொத்தம் எவ்வளவு என்று சொல்லாமல் அடுப்பில் ஏற்றியது எந்த விதத்தில் நியாயம்? நீங்கள் போனால், சமைக்கும் முன் எடையையும் மொத்த விலையையும் கேட்டுவிடுங்கள்.

படகு விஷயத்தில் நான் கேட்காமல் விட்டதையும் சொல்லிவிடுகிறேன். குகை மூடியிருந்தால் எவ்வளவு திரும்பத் தருவார்கள், எரிபொருள் சேர்த்தியா, படகில் வேறு யாராவது வருவார்களா, இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்காமல் ஒரு யூரோகூடக் கட்டாதீர்கள். போனில் சொன்னது எதற்கும் உதவவில்லை. குகை நுழைவும் துடுப்புப் படகும் பெரும்பாலும் தனிக்கட்டணம், அங்கேயே தண்ணீரில் மிதக்கும் டிக்கெட் படகில் கட்டுவது. அதனால் "நீலக்குகை அடக்கம்" என்றால் வாசல்வரை கொண்டுபோய் விடுவதா, உள்ளே போவதா என்றும் கேளுங்கள்.

உண்மையில் அந்தப் பெரிய படகே தேவையில்லை. மறுநாள் கடல் அடங்கியிருந்தது. தீவின் இன்னொரு ஊரான அனகாப்ரியிலிருந்து பேருந்தில் குகைக்கு மேலேயே போய் இறங்கி, படிகளில் மெதுவாக அம்மாவை இறக்கினோம். ஒரு மணி நேரத்துக்கும் மேல் வரிசை. ஒருவருக்கு 18 யூரோ கொடுத்தோம். உள்ளே ஐந்து நிமிடம்தான் இருந்திருப்போம். அம்மா தண்ணீரில் கையை விட்டு, விரல்கள் ஒளிர்வதைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் அனகாப்ரியிலிருந்து ஒருவர் மட்டும் உட்காரும், கம்பியில் தொங்கிப் போகும் நாற்காலி லிஃப்டில் 589 மீட்டர் உயர மோன்தே சொலாரோ மலைக்குப் போனோம். முந்தின நாள் முழுக்கச் செலவழித்ததில் கால்வாசிகூட ஆகவில்லை.

நிறுவனத்துக்கு எல்லா விவரத்தோடும் எழுதினேன். எரிபொருள் பணம் 120 யூரோ மட்டும் திரும்பி வந்தது. மீதியைப் பற்றி அனுப்பிய இரண்டு மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை. இப்போது கார்டு கொடுத்த வங்கியில் புகார் பதிந்திருக்கிறேன். அவர்கள் கேட்பதும் எழுத்து ஆதாரத்தைத்தான். என்னிடம் இருப்பது அந்த ஒரு செய்தி மட்டும்.