ஓப்பன் செல்லா, முழுப் பேனலா: எல்சிடி, ஓஎல்இடி தொழில்களின் இரு வழிகள்

தொலைக்காட்சி வாங்குபவர் திரையின் கருமையையும் வெளிச்சத்தையும் விலையையும் ஒப்பிடுகிறார். தொலைக்காட்சி தயாரிக்கும் நிறுவனம் முதலில் பார்ப்பது, படத்தைக் காட்டும் திரைப்பகுதியான பேனல் எந்த நிலையில் தன் கைக்கு வருகிறது என்பதை. எல்சிடி பேனல் பெரும்பாலும் ‘ஓப்பன் செல்’லாக விற்பனையாகிறது. இரு கண்ணாடிகளுக்கு நடுவே திரவப் படிகம் அடைக்கப்பட்டு, ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் கடத்தும் போலரைசர் படலம் ஒட்டப்பட்டிருக்கும்; ஆனால் பின்னாலிருந்து ஒளி தரும் பேக்லைட் இருக்காது. அதை வடிவமைத்துப் பொருத்துவது வாங்கும் நிறுவனத்தின் வேலை. ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால், பேனல் ஆலையை விட்டு வெளியேறும்போதே படத்தின் தரம் பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. இவ்விரு தொழில்களும் இன்று இவ்வளவு வேறுபட்டு நிற்பதற்கு, படத்தரத்தைவிட இந்த வேறுபாடே பெரிய காரணம் என்பது என் கருத்து.

எல்சிடியின் வலிமையைப் புரிந்துகொள்ள, கண்ணாடித் தகட்டின் அளவிலிருந்து தொடங்க வேண்டும். ஆலைகளைத் தகட்டின் அளவை வைத்தே தலைமுறைகளாக எண்ணுகிறார்கள். 8.5ஆம் தலைமுறை ஆலை 2200 × 2500 மில்லிமீட்டர் தகட்டைக் கையாளுகிறது. அதிலிருந்து 55 அங்குலப் பேனல்கள் ஆறு கிடைக்கும். 65 அங்குலம் என்றால் மூன்றுதான் கிடைக்கும், தகட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிஞ்சும். மிஞ்சிய பட்டையில் 32 அங்குலப் பேனல்களை வெட்டிச் சமாளிக்கலாம் என்றாலும், ஒரே தகட்டில் இரு அளவுகளைச் செய்வது திட்டமிடலைச் சிக்கலாக்குகிறது. சீனாவின் பிஓஇ நிறுவனம் ஹெஃபெய் நகரில் நிறுவிய உலகின் முதல் 10.5ஆம் தலைமுறை ஆலையின் தகடு 2940 × 3370 மில்லிமீட்டர். அதில் 65 அங்குலம் எட்டும் 75 அங்குலம் ஆறும் ஏறக்குறைய வீணின்றி அடங்குகின்றன. பெரிய தொலைக்காட்சிகளின் விலை சரிந்ததில் இந்தக் கணக்குக்குப் பெரும் பங்கு உண்டு. இத்தனை பெரிய தகட்டை, அதுவும் ஒரு மில்லிமீட்டரைவிட மெல்லிய கண்ணாடியை, நெடுந்தொலைவு அனுப்புவது கடினம். எனவே அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் ஹெஃபெய் ஆலைக்கு அருகிலேயே தன் கண்ணாடி ஆலையை அமைத்தது. வூஹான், ஷென்ஜென், குவாங்சோ என மற்ற 10.5ஆம் தலைமுறை ஆலைகளும் சீனாவிலேயே எழுந்தன.

ஓஎல்இடி தொலைக்காட்சிப் பேனல்கள் இந்த அளவுக்கு ஏறவில்லை, அவை 8.5ஆம் தலைமுறைத் தகட்டிலேயே நிற்கின்றன. ஒளிரும் கரிமப் பொருளை வெற்றிட அறையில் ஆவியாக்கி, மிக மெல்லிய அடுக்குகளாக, பெரிய பரப்பு முழுவதும் ஒரே சீராகப் படிய வைக்க வேண்டும். பின்னர் ஈரமும் ஆக்சிஜனும் புகாமல் மூட வேண்டும். இப்பேனல்களைப் பெருமளவில் செய்பவை இரண்டே நிறுவனங்கள், இரண்டும் தென்கொரியாவைச் சேர்ந்தவை. எல்ஜி டிஸ்பிளே, வெள்ளை ஒளியை நிற வடிகட்டி வழியே அனுப்பும் முறையைப் பின்பற்றுகிறது; அதன் ஆலைகள் தென்கொரியாவின் பாஜுவிலும் சீனாவின் குவாங்சோவிலும் உள்ளன. சாம்சங் டிஸ்பிளே 2021 இறுதியில் அசான் நகரில் தொடங்கிய கியூடி-ஓஎல்இடி, நீல ஒளியைக் குவாண்டம் புள்ளிகள் எனும் நுண்துகள்களால் சிவப்பாகவும் பச்சையாகவும் மாற்றுகிறது. நிறத் தூய்மையில் எனக்கு இரண்டாவது முறையே பிடித்திருக்கிறது. ஆயினும் வெளியொளியின் பிரதிபலிப்பைத் தடுக்கும் போலரைசர் இல்லாததால், வெளிச்சம் மிகுந்த அறையில் அதன் கருமை சற்றே வெளிறிவிடுகிறது. தொலைக்காட்சிச் சந்தையில் எல்ஜியின் போட்டியாளரான சாம்சங் எலக்ட்ரானிக்ஸ், 2023இல் தன் 83 அங்குலத் தொலைக்காட்சிக்கு எல்ஜி டிஸ்பிளேயின் பேனலையே வாங்கியது. வேறு யாரிடமும் அந்த அளவு இல்லை.

ஓப்பன் செல்லின் பலன் இங்கேதான் தெரிகிறது. ஒரே வகைச் செல்லை வாங்கும் இரு நிறுவனங்களில் ஒன்று சில டஜன் எல்இடிகளுடன் மலிவான பெட்டியைச் செய்யலாம். மற்றொன்று ஆயிரக்கணக்கான மினி எல்இடிகளை (மிகச் சிறிய எல்இடிகளை) நூற்றுக்கணக்கான தனி மண்டலங்களாகப் பிரித்து, இருண்ட காட்சியில் அந்தந்தப் பகுதியை மட்டும் அணைக்கலாம். சீனாவின் டிசிஎல் 2019இல் இப்பாதையில் இறங்கியது. 2025இல் மற்றொரு சீன நிறுவனமான ஹைசென்ஸ், சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று நிற எல்இடிகளையும் பேக்லைட்டிலேயே வைத்து 116 அங்குலத் தொலைக்காட்சியைக் காட்டியது. மண்டலத்தின் ஓரத்தில் ஒளி கசியும் குறை தீரவில்லை. புள்ளிக்குப் புள்ளி அணையும் ஓஎல்இடியின் கருமைக்கு எல்சிடி இன்னும் எட்டவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பேனல் ஆலையில் எதையும் மாற்றாமல், தொலைக்காட்சி நிறுவனத்தின் பொறியாளர்களே ஆண்டுக்காண்டு மேம்படுத்தக்கூடிய இடம் எல்சிடியில் இருக்கிறது. ஓஎல்இடி பேனலை வாங்கும் நிறுவனத்துக்குப் படச் செயலி, வெப்பத் தகடு, ஒலி ஆகியவற்றைத் தாண்டிச் செய்ய அதிகமில்லை.

விநியோகச் சங்கிலியின் அபாயமும் இரண்டிலும் ஒன்றல்ல. எல்சிடிக்குப் பல தயாரிப்பாளர்கள் இருந்தும், பெரும்பாலோர் ஒரே நாட்டில் இருக்கிறார்கள். தேவை குறையும்போது அவர்கள் உற்பத்தியைக் குறைத்தால், உலகெங்கும் செல் விலை ஏறுகிறது. ஓஎல்இடியில் அபாயம் நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது: ஓர் ஆலையில் தடங்கல் என்றால் மாற்று கிடையாது, ஒளிரும் பொருளின் காப்புரிமைகளும் அமெரிக்காவின் யுனிவர்சல் டிஸ்பிளே போன்ற சிலரிடம் குவிந்துள்ளன. எல்சிடிக்குள்ளும் இத்தகைய குறுகிய வாயில்கள் உண்டு. திரவப் படிகத்துக்கு ஜெர்மனியின் மெர்க், போலரைசரின் உட்படலத்துக்கு ஜப்பானின் குராரே, பெரிய தகட்டில் சுற்றுகளை ஒளியால் பதிக்கும் இயந்திரங்களுக்கு நிக்கான், கேனான் என்று அந்தப் பட்டியல் நீளும். இறுதிப் பொருத்தும் வேலை மட்டும் இரண்டுக்கும் பொது. முழுப் பெட்டியை அனுப்பினால் கப்பலில் இடம் வீணாகும் என்பதால், அது மெக்சிகோ, போலந்து, வியட்நாம் போன்ற நாடுகளில் சந்தைக்கு அருகே நடக்கிறது.

தொழிலை விட்டு வெளியேறும் வழியும் வேறுபடுகிறது. ஜப்பானில் ஷார்ப் 2009இல் தொடங்கிய சாகாய் ஆலை, தன் காலத்தில் உலகின் மிகப் பெரிய தகட்டைக் கையாண்டது. 2024இல் அது தொலைக்காட்சிப் பேனல் உற்பத்தியை நிறுத்தியது. சாம்சங் டிஸ்பிளே 2022இல் எல்சிடியைக் கைவிட்டபோது, சீனாவில் இருந்த அதன் சூசோ ஆலை ஏற்கெனவே டிசிஎல்லின் பேனல் நிறுவனமான சிஎஸ்ஓடியிடம் போயிருந்தது. எல்ஜி டிஸ்பிளேயின் குவாங்சோ எல்சிடி ஆலையும் 1,080 கோடி யுவான் விலை பேசப்பட்டு 2025இல் அதே நிறுவனத்துக்குக் கைமாறியது. வாங்கியவர் நன்கறிந்த தொழில்நுட்பம், ஏற்கெனவே இருக்கும் வாடிக்கையாளர்கள். எனவே அந்த ஆலை மறுநாளும் ஓடியது. அதே நகரில் 2020இல் உற்பத்தியைத் தொடங்கிய ஓஎல்இடி ஆலை எல்ஜி டிஸ்பிளேயிடமே இருக்கிறது.