பிச்சாவரமா, திருவக்கரையா? தம்பதியாக ஒருநாள்

புதுச்சேரியிலிருந்து கிளம்பினால் தெற்கே பிச்சாவரம் அலையாத்திக் காடு, வடமேற்கே திருவக்கரை கல்மரப் பூங்கா. ஒரே நாளில் இரண்டையும் திணிக்க வேண்டாம்.

பிச்சாவரத்தில் துடுப்புப் படகையே எடுங்கள். மோட்டார் படகு அகன்ற வாய்க்காலோடு நின்றுவிடும். சுரபுன்னை என்ற அலையாத்தி மரத்தின் முட்டுவேர்கள் வளைந்து இறங்கும் குறுகிய சந்துகளுக்குள் துடுப்புப் படகுதான் நுழையும். நீர் வற்றிய நேரத்தில் அதுவும் தரைதட்டும். ஓதம் (கடல் நீர்மட்டம்) ஏறும் நேரத்தை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். படம் எடுக்கும் ஆசையில் இருவரும் ஒரே பக்கம் சாயக் கூடாது. கிளைகளையும் ஒடிக்காதீர்கள்: தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் தற்காலிகமாகப் பார்வையே போகலாம். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் தந்த மரம் இதுதான்.

திருவக்கரைக்கு ஒன்றிரண்டு மணி நேரம் போதும். சுமார் 2 கோடி ஆண்டுப் பழைய அடிமரங்கள், செல்லுக்குச் செல் சிலிக்கா என்ற கனிமம் நிரம்பிக் கல்லானவை. வேரோ கிளையோ இல்லை. வெள்ளம் அடித்துவந்து மணலில் புதைத்தவை என்பதற்கு அதுவே சான்று. காலைச் சாய்வெயிலில் மரத்தின் வரிகள் தெளிவாகத் தெரியும். நிழல் குறைவு, தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். ஒரு சில்லைக்கூட எடுத்துவரக் கூடாது.

முதல் பயணத்துக்குப் பிச்சாவரம்தான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டும் படகை நம்ப முடியாது. மழை விட்ட காலையில் திருவக்கரைக்குப் போங்கள்.