நாலு கேமரா, ஒரு பிசிஐ கார்டு: பட்டுக்கோட்டைத் தோப்பு வீட்டில் ஏழு வருட அனுபவம்

எங்கள் வீடு பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், தென்னந்தோப்புக்கு நடுவே இருக்கிறது. அப்பா போன பிறகு அம்மா அங்கே தனியாகத்தான் இருக்கிறார். சென்னைக்கு வரச் சொல்லிப் பலமுறை கேட்டாயிற்று. மாட்டையும் தோப்பையும் விட்டு வர அவருக்கு மனமில்லை. சரி, நம் கண்ணையாவது அங்கே வைப்போம் என்று 2012 ஐப்பசியில் நாலு கேமரா மாட்டினேன். வாசல், மாட்டுக்கொட்டகை, கொல்லைப்புறம், கிணற்றடி. வீட்டில் சும்மா கிடந்த ஒரு டூயல் கோர் கணினியில் வீடியோ கேப்சர் கார்டு (கேமரா படத்தைக் கணினிக்குள் வாங்கும் கார்டு, பிசிஐ என்ற ஸ்லாட்டில் செருகுவது) போட்டு, லினக்ஸில் ஸோன்மைண்டர் என்ற இலவச மென்பொருளை ஓட்டினேன். 2019 கோடை வரை அது ஓடியது. அந்த ஏழு வருடத்தில் கார்டைப் பற்றிக் கற்றதைவிட வயரையும் கரண்டையும் பற்றிக் கற்றதுதான் அதிகம். அதனால் இங்கேயும் அதைப் பற்றித்தான் கூடுதலாக எழுதப்போகிறேன்.

முதலில் கார்டு. சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் நாலு பிஎன்சி துளை (கேமரா வயர் செருகும் துளை) வைத்த கார்டைக் காட்டி, "நாலு கேமராவுக்கும் 25 பிரேம் வரும்" என்றார்கள், அதாவது நொடிக்கு 25 படம். வீட்டில் போட்டுப் பார்த்தால் ஒரு கேமராவுக்கு நொடிக்கு மூன்று படம்தான் வந்தது. கார்டை வெளியே எடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. துளை நாலு, ஆனால் கேமரா சிக்னலைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றும் பிடி878 சிப் ஒன்றே ஒன்று. அந்தச் சிப் ஒரு நேரத்தில் ஒரு கேமராவைத்தான் பார்க்கும். பால் (PAL) என்ற நம் நாட்டு அனலாக் வீடியோ முறையில் வரும் நொடிக்கு 25 படத்தையும் நாலு பேருக்குப் பங்கு போட வேண்டும். அதோடு போகவில்லை. ஒரு கேமராவிலிருந்து அடுத்ததற்கு மாறும்போதெல்லாம் புதிய சிக்னலின் தாளத்தைப் பிடிக்கச் சிப்புக்குச் சில படங்கள் வீணாகும். பங்குக்கு ஆறு வர வேண்டியது மூன்றாகக் குறைந்தது அதனால்தான். கேட் திறந்து ஆள் உள்ளே வருவது மூன்று நாலு படத்தில் முடிந்துவிடும்.

இரண்டாவது தடவை சிப்பை எண்ணிப் பார்த்து வாங்கினேன். நாலு பிடி878, நாலையும் ஒரே ஸ்லாட்டில் இணைக்க நடுவே ஒரு பிசிஐ பிரிட்ஜ் சிப். விலை கிட்டத்தட்ட மூன்று மடங்கு. லினக்ஸில் பிசிஐ பட்டியலைக் காட்டும் கட்டளை கொடுத்தால் ஒவ்வொரு சிப்புக்கும் வீடியோவுக்கு ஒரு வரி, ஆடியோவுக்கு ஒரு வரி, ஆக எட்டு வரி வர வேண்டும். இரண்டு வரிதான் வந்தால் அது ஒற்றைச் சிப் கார்டு. இப்போதும் பழைய கார்டு யாராவது கையில் கொடுத்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

டிரைவர் விஷயத்தில் ஒரு நாள் போயிற்று. இந்த ரகக் கார்டு பலவற்றில் தன் பெயரைச் சொல்லும் மெமரி சிப் இருக்காது. அதனால் லினக்ஸில் இந்தச் சிப்பை இயக்கும் பிடிடிவி டிரைவருக்கு அது என்ன கார்டு என்று தெரியாது. கார்டு எண்ணை நாமே சிப்புக்கு ஒன்றாக நாலு முறை எழுதிக் கொடுக்க வேண்டும். டிவி சேனல் பிடிக்கும் ட்யூனர் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்புறம் ஸோன்மைண்டரில் பால் என்று தேர்ந்தெடுக்காமல் விட்டதால் படம் முதலில் கறுப்பு வெள்ளையில் உருண்டுகொண்டே இருந்தது.

முழு அளவில், அதாவது 720க்கு 576 புள்ளியில், நாலையும் பதிவு செய்ய ஆசைப்பட்டேன். இந்தச் சிப் படத்தைச் சுருக்காமல் அப்படியே கணினிக்குத் தள்ளும். ஒரு புள்ளிக்கு இரண்டு பைட், நொடிக்கு 25 படம் என்றால் ஒரு கேமராவுக்கு ஏறத்தாழ 20 எம்பி, நாலுக்கும் சேர்த்து 80க்கு மேல். பிசிஐ பஸ்ஸின் மொத்தக் கொள்ளளவே காகிதக் கணக்கில் 133 எம்பி. அதையும் மற்ற சாதனங்களோடு பகிர வேண்டும். படம் நடுவில் கிழிந்து கிழிந்து வந்தது. 352க்கு 288 என்று இறக்கியதும் சுமை கால்பங்காகி எல்லாம் அடங்கியது. அசையும் ஆளின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி விழும் கோடுகளும் போய்விட்டன, ஏனென்றால் இந்த அளவில் ஒரு படத்தின் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என்ற இரண்டு ஃபீல்டில் ஒன்றை மட்டுமே எடுக்கிறோம்.

ஆனால் அதற்கு விலை உண்டு. 3.6 மிமீ லென்ஸ் போட்ட கேமராவில் நாலு மீட்டர் தள்ளி நிற்கும் ஆளைச் சுற்றி ஐந்தே கால் மீட்டர் அகலம் படத்தில் விழும். அதை 352 புள்ளியில் நிரப்பினால் ஒரு முகத்துக்குக் கிடைப்பது பத்துப் புள்ளி. வந்தது ஆணா பெண்ணா என்று சொல்லலாம், யார் என்று சொல்ல முடியாது. 2015இல் தோப்பில் இரண்டு இரவு தேங்காய் திருடு போனபோது இதை நேரில் அனுபவித்தேன். ஆள் வந்த நேரம் தெரிந்தது, வேலி தாண்டிய இடம் தெரிந்தது, முகம் தெரியவில்லை. அதற்குப் பிறகு வாசல் கேமராவுக்கு மட்டும் 8 மிமீ லென்ஸ் போட்டு, கேட்டின் அகலத்தை மட்டும் பார்க்கும்படி இறுக்கினேன். அகலமாகப் பார்க்க ஒன்று, முகம் பார்க்க ஒன்று. இரண்டையும் ஒரே கேமராவிடம் கேட்கக் கூடாது.

இனி வயர். எங்கள் ஊரில் கேமரா மாட்டுகிறவர்கள் "த்ரீ ப்ளஸ் ஒன்" என்று சொல்லும் கேபிள்தான் நானும் இழுத்தேன். படத்துக்கு ஒரு கோஆக்ஸ் (கேபிள் டிவி வயர் மாதிரி), கரண்டுக்கு மூன்று மெல்லிய கம்பி, எல்லாம் ஒரே உறைக்குள். மூன்று கேமராவுக்கு அது போதுமாக இருந்தது. கிணற்றடிக்கு 45 மீட்டர். பகலெல்லாம் படம் அருமை. சாயங்காலம் ஆறேகாலுக்குக் கறுத்துப்போகும், வரும், மறுபடி போகும். கேமரா கெட்டுவிட்டது என்று மாற்றினேன். புதியதும் அதே நேரத்தில் அதையேதான் செய்தது.

மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். பகலில் கேமரா முனையில் 11.2 வோல்ட். அங்கேயே உட்கார்ந்திருந்தேன். இருட்டியதும் கேமராவைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு விளக்குகள் மங்கலான செந்நிறத்தில் எரியத் தொடங்கின. மீட்டர் 9.2க்கு இறங்கியது. கேமரா அணைந்தது. அணைந்ததும் விளக்கு போய், வோல்ட் ஏறி, மறுபடி எழுந்து, மறுபடி விளக்கு போட்டு, மறுபடி விழுந்தது. ராத்திரி முழுக்க இப்படியே. பகலில் 100 மில்லி ஆம்பியர் இழுத்த கேமரா இரவில் 350 இழுக்கிறது. போக வர 90 மீட்டர் மெல்லிய கம்பி அதைத் தாங்கவில்லை.

மோட்டார் ரூமில் பிளக் இருக்கிறதே என்று அங்கே தனி அடாப்டர் போட்டேன். வோல்ட் சரியானது, ஆனால் படத்தில் அகலமான கறுப்புப் பட்டைகள் மெதுவாக மேலேறத் தொடங்கின. வீட்டு எர்த்தும் மோட்டார் ரூம் எர்த்தும் ஒரே மட்டத்தில் இல்லை. அந்த வித்தியாசம் கோஆக்ஸின் உறை வழியாக ஓடிப் படத்தில் ஏறுகிறது. கடைசியில் எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணன்தான் வழி சொன்னார்: "தம்பி, வீட்டுக்கு இழுக்கிற ஒரு ஸ்கொயர் எம்எம் வயரையே கரண்டுக்குத் தனியா இழுத்துடுங்க." இழுத்தோம். வீட்டிலிருக்கும் ஒரே எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கேமராவுக்குக் கரண்ட் தரும் பெட்டி) நாலு கேமராவுக்கும் சப்ளை. இரவில் கிணற்றடியில் 11.4. பட்டையும் இல்லை, அணைவதும் இல்லை. அதற்குப் பிறகு அந்தக் கேமரா கரண்ட் குறைவால் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

மென்பொருளில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் மண்டலங்கள். படத்தின் மேல் நாமே கோடு வரைந்து, இங்கே அசைந்தால் பதிவு செய், இங்கே அசைந்தால் கண்டுகொள்ளாதே என்று சொல்லலாம். தென்னை நிழல் ஆடும் தரை, அம்மா புடவை காயப்போடும் கொடி, இரண்டையும் வெட்டி எறிந்ததும் பொய் எச்சரிக்கை பெருமளவு குறைந்தது. இரவுத் தொல்லை வேறு. விளக்கைச் சுற்றிப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். லென்ஸுக்கு முன்னால் ஒற்றை இழை ஆடினாலும் படம் முழுக்க வெள்ளைக் கயிறு மாதிரி தெரியும். அம்மா வாரம் ஒருமுறை ஒட்டடைக் கம்பால் துடைத்துவந்தார். பிறகு கேமராவின் விளக்கைத் துண்டித்துவிட்டு, தனி அகச்சிவப்பு விளக்கை இரண்டு மீட்டர் தள்ளி மாட்டினேன். பூச்சிகள் அங்கே குடிபோயின.

பெரிய அடி 2014 பொங்கலில் விழுந்தது. மாட்டுப் பொங்கலன்று அம்மா, "கன்னுக்குட்டி எப்புடி அவுந்து ஓடுச்சுன்னு அதுல பாரு தம்பி" என்றார். பார்த்தால் ஒன்பது நாளாக எதுவுமே பதிவாகவில்லை. டிஸ்கில் 500 ஜிபியில் நூற்றுக்கும் மேல் காலியாகக் காட்டியது. ஆனால் இடமில்லை என்று பிழைச்செய்தி. ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து தேடியதில் காரணம் கிடைத்தது.

அந்தக் கால ஸோன்மைண்டர் ஒவ்வொரு படத்தையும் தனித்தனி ஜேபெக் கோப்பாக எழுதும். என் படங்கள் சராசரி 12 கேபி. டிஸ்கை லினக்ஸின் இஎக்ஸ்டி4 கோப்பு அமைப்பில் வழக்கமான முறையில் ஃபார்மேட் செய்தால், 16 கேபிக்கு ஒன்று என்ற கணக்கில்தான் கோப்புகளுக்கான இன்னோடு (ஒரு கோப்புக்கு ஒன்று வேண்டிய பதிவேட்டு இடம்) ஒதுக்கும். என் டிஸ்கில் மூன்று கோடி இன்னோடு. 12 கேபி கோப்பாகவே எழுதினால், டிஸ்க் முக்கால்வாசி நிறையும்போதே இன்னோடு தீர்ந்துவிடும். பழையதை அழிக்கும் ஃபில்டரோ டிஸ்க் 95 சதவீதம் நிறைந்தால்தான் விழிக்கும். அது விழிக்கவே வாய்ப்பில்லை. 8 கேபிக்கு ஒரு இன்னோடு என்று மறுபடி ஃபார்மேட் செய்து, 30 நாளுக்கு மேற்பட்டதை அழிக்கும் இன்னொரு ஃபில்டரும் போட்டேன். பல ஆயிரம் சிறு கோப்பு எழுதும் எந்த மென்பொருளை வைத்திருந்தாலும் காலி இடத்தோடு இன்னோடு எண்ணிக்கையையும் பாருங்கள். பார்த்திருந்தால் அந்த ஒன்பது நாள் போயிருக்காது.

கரண்ட் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கணினி 90 வாட் இழுத்தது. இருபத்து நாலு மணி நேரமும் ஓடினால் நாளுக்கு இரண்டு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல், இரண்டு மாத பில்லில் 130 யூனிட். 500 யூனிட் தாண்டினால் கட்டண விகிதமே மாறும் என்பதால் கோடையில் பயந்துகொண்டே இருப்போம். 2012, 13இல் எங்கள் பக்கம் மின்வெட்டு கடுமை. இன்வெர்ட்டர் பேட்டரி இரண்டரை வருடத்தில் போனது. கரண்ட் வந்ததும் கணினி தானாக எழ வேண்டும் என்று பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்பில்) போட்டது நான் செய்த நல்ல காரியங்களில் ஒன்று. மதர்போர்டிலுள்ள சிறு சீமாஸ் பேட்டரி தீர்ந்து கடிகாரம் பின்னால் போனது கவனிக்காமல் விட்டது தவறு. நேரம் தப்பாக இருக்கும் பதிவை யாரிடம் காட்டியும் பயனில்லை.

திருடனைப் பிடிக்க வைத்த இந்த ஏற்பாடு அம்மாவுக்கு உதவியது வேறு விதத்தில். பசு கன்று ஈனும் நாட்களில் இரவெல்லாம் கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தவர், அடுப்படியில் ஒரு பழைய மானிட்டர் வைத்துக் கொடுத்த பிறகு உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டார். மழையிலும் இருட்டிலும் பாம்புக்குப் பயந்து நடக்க வேண்டியதில்லை. இதற்காகவே நான் செலவழித்த காசு போதும் என்று தோன்றும்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல். அம்மாவை முந்தின நாளே சித்தப்பாவின் மாடி வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். ஊரில் கரண்டை நிறுத்திய பிறகும் இன்வெர்ட்டரில் பதிவு ஓடியிருக்கிறது. எங்களுக்குக் கரண்ட் திரும்ப 23 நாள் ஆயிற்று. அதற்குப் பிறகுதான் பார்த்தேன். அகச்சிவப்பு வெளிச்சத்தில் மழை படுக்கைவாட்டில் போகிறது. கிணற்றடிக்குப் பின்னால் அப்பா வைத்த தென்னைகள் வளைந்து வளைந்து நிமிர்கின்றன. ஒன்று நிமிரவில்லை. அடுத்து இன்னொன்று. மூன்றாவது விழும்போது கேபிளை இழுத்துக்கொண்டு விழுந்தது, படம் நீலமாகிவிட்டது. மற்ற மூன்று கேமராவும் தொடர்ந்து ஓடின. அந்தப் பதிவை மட்டும் நான் எந்த ஃபில்டரும் தொடாத இடத்தில் வைத்திருக்கிறேன்.

2019 மே மாதம் மதர்போர்டில் கபாசிட்டர்கள் உப்பிக் கணினி நின்றது. கார்டு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கடையில் பார்த்த புதிய போர்டுகளில் பிசிஐ ஸ்லாட் இல்லை. அதே கோஆக்ஸில் 1080 அளவுப் படம் அனுப்பும் ஹெச்டி அனலாக் கேமராவும் அதற்கான டிவிஆர் என்ற பதிவுப் பெட்டியும் வாங்கி, பழைய கேபிளின் முனைகளிலேயே மாட்டினேன். ஒரு மீட்டர் வயர்கூடப் புதிதாக இழுக்கவில்லை. வாசலில் வருகிறவர் முகம் இப்போது தெளிவாகத் தெரிகிறது. கரண்டும் கால்பங்குதான். மண்டலம் வரையும் வசதி மட்டும் ஸோன்மைண்டர் அளவுக்கு இதில் இல்லை.

இன்றைக்குப் புதிதாகத் தொடங்குகிறவர் பிசிஐ கேப்சர் கார்டு தேடிப் போக வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கார்டு இருந்தால் அதைக் கழற்றவும் வேண்டாம். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒன்று: கேமரா வாங்கும் காசில் கொஞ்சம் குறைத்து அதைத் தடித்த செப்பு வயரில் போடுங்கள். கிணற்றடி பிஎன்சி முனையை மட்டும் வருடா வருடம் ஆவணியில், மழைக்கு முன்னால், வெட்டிப் புதிதாகக் கட்டுகிறேன். ஜங்ஷன் பாக்ஸின் வாயைக் கீழ்ப்பார்த்து வைத்து, கேபிளை ஒரு முழம் தொங்கவிட்டு மேலேற்றியதிலிருந்து, வெட்டும்போது உள்ளே செம்பு பச்சை பிடிக்காமல் பளபளவென்றே இருக்கிறது.