ஆற்றங்கரைக் கிராமங்களுக்கு சோலர் ஒலி வேதாகமப் பெட்டி: வாங்கலாம், முதல் நாளே கொண்டுபோகாதீர்கள்

இலங்கையின் வடக்கே வன்னியில் ஆறு கடந்து ஊழியத்துக்குப் போகிறவர்கள் விசாரிக்கிற சாமான்களில் ஒன்று இந்தச் சோலர் ஒலி வேதாகமப் பெட்டி. சின்ன வானொலி அளவு, முதுகில் ஒரு சோலர் தகடு, உள்ளே புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களும் வாசித்துப் பதிந்த ஒலி. கண் பார்வை குறைந்த முதியவர்களுக்கும், எழுத்துக்கூட்டி வாசிக்கிறவர்களுக்கும், மின்கம்பி எட்டாத மாட்டுப்பட்டிகளுக்கும் உதவும். கருவியாகப் பார்த்தால் பத்துக்கு ஏழு புள்ளி. பெட்டியைக் கொடுத்தாலே ஊர் நம்பிவிடும் என்று விற்கிறவர்கள் சொல்கிற கதைக்குப் புள்ளி இல்லை.

விலையை இங்கே எழுதிப் பயனில்லை, ரூபா நிலையாக நிற்பதில்லை. வாங்குகிற அன்று கேளுங்கள்.

முதலில் மின்சாரம். கையடக்கப் பெட்டியின் தகடு பெரும்பாலும் அரை வாட் அளவுதான். நல்ல வெயிலில் அதில் முக்கால் பங்கு பற்றறிக்குப் போனாலே பெரிய விஷயம். 2000 மில்லி அம்பியர்-மணி பற்றறி என்றால் ஏறத்தாழ 7.4 வாட்-மணி, நிரம்ப 20 மணி நேர வெயில் வேண்டும். அதாவது பங்குனி, சித்திரையில் காலை வெயில் மட்டும் என்றால் ஐந்து நாளாவது ஆகும். கார்த்திகை, மார்கழி மூட்டத்தில் அந்தக் கணக்குச் சரிவராது. அந்த இரண்டு மாதமும் போன் சார்ஜரில் போடக்கூடிய வாய் உள்ள பெட்டிதான் உயிரோடு இருக்கும். கைப்பிடி சுற்றிச் சார்ஜ் ஏற்றுகிற பெரிய பெட்டியும் உண்டு. நாற்பது பேர் மரத்தடியில் இருந்து கேட்க அது சரி, வீட்டுக்குள் அது அதிகம்.

பழுதாவதற்குப் பெரிய காரணம் தகரக் கூரை. வெயில் படும் என்று கூரையில் ஏற்றி வைப்பார்கள். மத்தியான வேளையில் அந்தத் தகரத்தில் கை வைக்க முடியாது. 45 பாகை செல்சியசுக்கு மேலே லிதியம் பற்றறியைச் சார்ஜ் பண்ணினால் அது ஊதும், ஊதினால் பெட்டியின் மூடியே பிளக்கும். கவிழ்த்த கடகத்தின் மேல், அடியில் காற்றுப் போகிற மாதிரி வைத்து, காலை ஏழிலிருந்து பதினொன்று வரை விட்டால் போதும். தகட்டின் ஒரு மூலையில் முருங்கை நிழல் விழுந்தாலும் முழுத் தகடும் படுத்துவிடும், உள்ளே துண்டுகள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால். அடுத்த எதிரி எறும்பு. ஸ்பீக்கர் ஓட்டைக்குள் குடியேறும், வலைத்துணித் துண்டு ஒன்று ஒட்டினால் வராது. தோணியில் கொண்டுபோகும்போது பொலித்தீன் பை கட்டாயம், ஆனால் பையோடு வெயிலில் வைக்கக் கூடாது.

ரோச் லைற் உள்ளதையே எடுங்கள். யானை நடமாடுகிற இடங்களில் பெட்டியில் அதிகம் பாவிக்கப்படுகிற பாகம் அதுதான். பற்றறியை அது தின்னும் என்பது உண்மை, பரவாயில்லை.

மெமரி காட் போடுகிற வகைக்கு ஒரு சின்ன நுணுக்கம். மலிவான பெட்டிகள் பெயர் வரிசையைப் பார்க்காது, எந்த ஒழுங்கில் கொப்பி பண்ணினோமோ அந்த ஒழுங்கில் வாசிக்கும். 260 அதிகாரங்களையும் 001, 002 என்று மூன்று இலக்கத்தில் பெயரிட்டு, ஒவ்வொரு புத்தகமாக வரிசையில் கொப்பி பண்ண வேண்டும். இல்லாவிட்டால் மாற்கு நடுவில் வெளிப்படுத்தல் வரும். காட் 32 ஜிபி அல்லது அதற்குக் குறைவாக இருக்கட்டும். 64 ஜிபி காட்கள் வேறு வகையில் அமைக்கப்பட்டு வரும், பல பெட்டிகள் அவற்றைக் கண்டுகொள்ளாது. எந்த மொழிபெயர்ப்பு என்பதையும் ஊரைப் பார்த்துத் தீர்மானியுங்கள். கத்தோலிக்கக் குடும்பங்கள் உள்ள இடத்தில் திருவிவிலியம் ஏற்றாமல் போனால், பெட்டி திறக்க முன்னமே பங்குத்தந்தையோடு மனக்கசப்பு வரும்.

காட் மாற்ற முடியாதபடி பூட்டிய பெட்டிகளைச் சில சபைகள் விரும்புகின்றன. காரணம் தெரிந்ததுதான்: மாற்ற முடிந்தால் ஒரு மாதத்தில் சினிமாப் பாட்டு ஏறிவிடும். ஏறட்டும். பாட்டுக்காகவாவது பெட்டி வீட்டில் சார்ஜோடு இருக்கும். பாட்டு ஏற்றினார்கள் என்று பெட்டியைத் திருப்பி வாங்குகிற போதகர் அந்த ஒழுங்கைக்குள் மறுபடி போவது கஷ்டம்.

இனி முக்கியமான இடம். கனகராயன் ஆறு, பாலியாறு, பறங்கியாறு, அருவியாறு என்று எந்தக் கரையை எடுத்தாலும், 2009இல் போர் முடிந்த பிறகு படிவத்தோடும் கமெராவோடும் வந்து பெயர் எழுதிக்கொண்டு போய்த் திரும்பி வராதவர்களை அந்தச் சனம் நிறையப் பார்த்துவிட்டது. ஆகவே முதல் முறை பெட்டி இல்லாமல் போங்கள். கிராம அலுவலர், கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர், கோவில் பூசாரியார் மூவரிடமும் யார், எந்தச் சபை, எதற்கு வந்தோம் என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். தேத்தண்ணி தந்தால் குடியுங்கள். பூசாரியாருக்குத் தெரியாமல் மூன்றாம் வீட்டில் பெட்டி பாடினால், அதைத் திருட்டு வேலை என்றுதான் ஊர் எடுக்கும், அப்படி எடுப்பதில் பிழையும் இல்லை. சைவ வீடுகள் நடுவே செவ்வாய், வெள்ளியில் பெட்டி போடுவதைத் தவிர்க்கலாம். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவில் பொங்கல் நாட்களில் முல்லைத்தீவுப் பக்கம் போகவே வேண்டாம், வீட்டில் ஆள் இருக்காது. காலபோக நெல் அறுவடையிலும் அப்படித்தான். சத்தம் அந்த வீட்டு முற்றத்தைத் தாண்டக் கூடாது. பெரிய பெட்டியை ஒலிபெருக்கியோடு இணைப்பதென்றால் பொலிஸ் அனுமதி வேண்டும், இரவு 10 மணிக்கு மேல் அதுவும் பொதுவாகக் கிடையாது.

கொடுக்கும்போது இனாமாகக் கொடுக்காதீர்கள், இரவல் கொடுங்கள். “அம்மா, இதைக் கேட்டுப் பாருங்கோ, பிடிக்காட்டி அடுத்த மாதம் வரேக்க திருப்பித் தாங்கோ” என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லவும் அவர்களுக்கு வழி இருக்கும். யார் இரவல் வாங்கினார்கள் என்று எழுதுகிற கொப்பி ஊரில் ஒருவரின் கையில் இருக்கட்டும், மாதர் சங்கச் செயலாளர் பொருத்தமானவர். சபையின் பெயர் போட்ட ஸ்ரிக்கரை உரித்துவிடுங்கள். பிள்ளைகளின் கையில் தாய் தகப்பன் இல்லாத நேரம் கொடுக்க வேண்டாம். எத்தனை அதிகாரம் கேட்டீர்கள் என்று பரிசோதகர் மாதிரிக் கேட்பதும், வெளிநாட்டு உபயகாரருக்கு அனுப்பப் பெட்டியோடு படம் எடுப்பதும் இரண்டு மாத வேலையை ஒரு பின்னேரத்தில் கெடுக்கும்.

வருவதாகச் சொன்ன நாளில் வர வேண்டும். மாரியில் ஆற்றின் குறுக்கே உள்ள தாழ்வான சப்பாத்துப் பாலத்துக்கு மேலால் தண்ணீர் போனால் கடக்கவே கூடாது. முழங்கால் அளவு ஓட்டமே மோட்டார் சைக்கிளை இழுத்துவிடும். அருவியாற்றில் இன்னொரு சிக்கல், மன்னார்ப் பக்கம் மழையே இல்லாவிட்டாலும் அநுராதபுரத்தில் பெய்தால் ஆறு பெருகும். முதல் நாள் பின்னேரமே ஊரில் ஒருவருக்குப் போன் எடுத்து வர முடியாது என்று சொல்லிவிட்டால் ஒன்றும் குறையாது. சொல்லாமல் விட்டால்தான் பழைய படிவக்காரர் கணக்கில் சேர்ப்பார்கள்.

நிவாரணத்தையும் பெட்டியையும் ஒரே வாகனத்தில் ஏற்றாதீர்கள். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளம் நிரம்பிக் கிளிநொச்சி, முல்லைத்தீவில் வந்த மாதிரி வெள்ளம் வந்தால், அரிசியும் பருப்பும் மட்டும் போகட்டும். அரிசிப் பையோடு பெட்டியும் இறங்கினால் அரிசி காட்டி ஆள் பிடிக்கிறார்கள் என்ற பேச்சு அன்றைக்கே ஆற்றைக் கடந்துவிடும். கோவாவிலிருந்து வந்த கத்தோலிக்கக் குரு புனித யோசப் வாஸ் 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவியபோது சமயம் பாராமல் நோயாளிகளைப் பார்த்தார். பெட்டி விற்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

சுகாதாரப் பேச்சும் ஏற்றலாம். வவுனியா, முல்லைத்தீவில் சிறுநீரக நோய் பெரிய கவலை. பாம்புக்கடிக்கு என்ன செய்யக் கூடாது என்பதும் கேட்பார்கள். இவை தனி போல்டரில் இருக்கட்டும், நடுவில் பிரசங்கத்தை ஒளித்து வைக்காதீர்கள்.

பத்துப் பெட்டிக்குக் காசு இருந்தால் ஏழு வாங்குங்கள். மிச்சத்துக்கு உதிரிப் பற்றறியும் சார்ஜ் வயரும். வாங்க முன் பின்மூடியைத் திருப்பிப் பாருங்கள். நான்கு திருகாணி இருந்தால் ஊருக்குக் கிட்டவுள்ள போன் திருத்துகிற கடையிலேயே பற்றறி மாற்றலாம், உடைந்த சார்ஜ் வாய்க்கு ஈயம் வைக்கலாம். பசை போட்டு ஒட்டிய மூடி என்றால் அந்த வகையைக் கடையிலேயே விட்டுவிடுங்கள்.